கஸ்தூரியை ஏன் நிறுத்தக் கூடாது

எங்கள் குடியிருப்பின் மூத்தோர் வாசகசாலையில் அடுத்த ஞாயிறு ஒரு தீர்மானம் வருகிறது. சுதா, தரங்கா, மயூரா, கஸ்தூரி என்ற நான்கு கன்னடப் பத்திரிகைகளையும் அடுத்த மாதம் முதல் நிறுத்திவிடலாம் என்பது தீர்மானம். சொல்லப்படும் காரணம், "யாரும் தொடுவதில்லை". உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேர் நம் தமிழர்கள். ஆனாலும் நான் எதிர்த்துத்தான் கை தூக்கப்போகிறேன். கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம் தருவார்கள். அதில் இரண்டு நிமிடத்தை லிஃப்ட் ரிப்பேர், தண்ணீர் லாரி என்று யாராவது குறுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள். அதனால் இங்கேயே விலாவாரியாக எழுதிவிடுகிறேன்.

நம்மில் பெரும்பாலோர் பெங்களூருக்கு வந்து நாற்பது ஐம்பது வருஷமாகிறது. காய்கறிக் கடையில், ஆட்டோவில், கார்ப்பரேஷன் ஆபீஸில் கன்னடத்தில் வெளுத்து வாங்குகிறோம். "படிக்க மட்டும் வராது சார்" என்று சொல்லும்போது அது ஒரு குறையாகவே நமக்குத் தோன்றுவதில்லை. நீச்சல் தெரியாது என்பதுபோலச் சொல்லிவிட்டுப் போகிறோம். பேசத் தெரிந்த கன்னடம் பேரம் பேசுவதற்கும் வழி கேட்பதற்கும் போதும். ஒரு ஜனம் தன் வீட்டுக்குள் உட்கார்ந்து எதற்குச் சிரிக்கிறது, எதற்குச் சண்டை போடுகிறது, தன் பெண்களைப் பற்றி என்ன நினைக்கிறது என்பதெல்லாம் அந்தப் பேச்சில் வராது. நாளிதழிலும் அவ்வளவாக வராது. வாரப் பத்திரிகையிலும் மாதப் பத்திரிகையிலும்தான் வரும். இது என் ஐம்பது வருஷ அனுபவம்.

1973-ல் வங்கி வேலைக்காக நான் இங்கே வந்தபோது என் முதல் கன்னடப் பாடப் புத்தகம் பஸ் போர்டுதான். எண்கூடக் கன்னடத்தில் இருக்கும். தப்பான பஸ்ஸில் ஏறி, ராஜாஜி நகர் போக வேண்டியவன் கெங்கேரியில் இறங்கினால் எழுத்து தானாக மண்டையில் ஏறும்! ஆனால் போர்டு படிப்பதற்கும் வாக்கியம் படிப்பதற்கும் வெகு தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க உதவியது மல்லேஸ்வரத்தில் நான் குடியிருந்த வீட்டுக்காரரின் தாயார். எல்லோரும் அஜ்ஜி என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குக் கண்புரை. வாரா வாரம் வரும் சுதாவில் தொடர்கதையை யாராவது வாசித்துக் காட்ட வேண்டும். பேரப் பிள்ளைகள் நழுவிவிடுவார்கள். மாட்டிக்கொண்டது மாடி அறையில் இருந்த நான். ஒரு பக்கம் வாசிக்க அரைமணி ஆகும். "நிதானவாகி ஓதப்பா, கதெ எல்லூ ஓடி ஹோகல்ல" என்பார். கதை எங்கேயும் ஓடிப் போகாது, மெதுவாகப் படி என்று அர்த்தம். ஆறு மாதத்தில் நானே அடுத்த இதழ் எப்போது வரும் என்று தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன்.

தமிழனுக்குக் கன்னடம் படிப்பது எவ்வளவு சுலபம் என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. நம் 'ப' பல இடங்களில் அங்கே 'ஹ' ஆகிவிட்டது. பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பள்ளி ஹள்ளி, போவது ஹோகுவது. அதேபோல நம் 'வ' அங்கே அழுத்தமான 'ப' ஆகும். வெல்லம் பெல்ல, வில் பில்லு, வீதி பீதி, வேண்டும் பேகு. இந்த இரண்டு சூத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்தால் பாதி வார்த்தை சொந்தக்காரர்கள் என்று தெரிந்துபோகும். மீதிப் பாதியில் பெரும்பகுதி சம்ஸ்கிருதம். அது நம் தலைமுறைக்குப் பழக்கமானதுதான். எழுத்து வரிசையும் அ, ஆ, இ, ஈ தானே. கூடுதலாக வரும் க, ஜ, ட, த, ப வகையறாக்களுக்கு ஒரு மாதம் போதும்.

கஸ்தூரிக்கு வருகிறேன். 1978-ல் எனக்கு ஹூப்ளிக்கு மாற்றல் வந்தது. அங்கேதான் அந்தச் சின்ன அளவுப் பத்திரிகை எனக்கு அறிமுகம். 1956-ல் தொடங்கியது. சம்யுக்த கர்நாடக நாளிதழை நடத்தும் லோக சிக்ஷண டிரஸ்ட்தான் அதையும் நடத்துகிறது. நம் மஞ்சரியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அந்த ஜாதி. உலகத்து விஷயமெல்லாம் சுருக்கமாக, சுத்தமான பாஷையில் இருக்கும். கடைசியில் ஒரு முழுப் புத்தகத்தைச் சுருக்கித் தரும் பகுதி. ரயிலில் ஹூப்ளியிலிருந்து பெங்களூர் வருவதற்குள் ஒரு இதழ் சரியாக முடியும்.

அதன் ஆசிரியராக வெகு காலம் இருந்தவர் பா.வெம். ஆச்சார்ய. உடுப்பிப் பக்கத்துக்காரர். நான் ஹூப்ளிக்குப் போனபோது அவர் காலம் முடிந்திருந்தது. ஆனால் பழைய பேப்பர் கடையில் அவர் காலத்து இதழ்கள் கட்டுக் கட்டாகக் கிடைத்தன. லாங்கூலாச்சார்ய என்ற பெயரில் நகைச்சுவை எழுதுவார். லாங்கூலம் என்றால் வால். வாலாச்சாரியார் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொள்ள ஒரு பத்திரிகை ஆசிரியருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும்! 'பதார்த்த சிந்தாமணி' என்று ஒரு பகுதியும் எழுதினார். ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு அது எங்கே பிறந்தது, எந்த வழியாக வந்தது, வழியில் என்ன சட்டை மாற்றிக்கொண்டது என்று சொல்லிக்கொண்டே போவார். பண்டிதர் பாஷையில் இருக்காது, திண்ணைப் பேச்சுபோல இருக்கும். பின்னால் அது புத்தகமாகவும் வந்தது. நானும் என் சக ஊழியர் ஒருவரும் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அந்தப் பழைய இதழ்களை வைத்துக்கொண்டு இது தமிழா கன்னடமா என்று கட்சி கட்டியிருக்கிறோம். அவர் தார்வாட்காரர். ஒரு நாளும் சண்டையாக முடிந்ததில்லை. வார்த்தையின் தாத்தாவைத் தேடிப் போனால் இரண்டு பேருக்கும் ஒரே தாத்தாவாக இருப்பார். அப்புறம் எப்படிச் சண்டை போடுவது?

கன்னடப் பத்திரிகை உலகைப் பற்றி எனக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. உங்களில் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டீர்கள். தமிழில் ஜனரஞ்சகப் பத்திரிகைக்கும் இலக்கியப் பத்திரிகைக்கும் நடுவே ஒரு பெரிய மதில் இருந்தது. இந்தப் பக்கம் விகடன், குமுதம். அந்தப் பக்கம் சி.சு. செல்லப்பாவின் எழுத்து, அப்புறம் கசடதபற, கணையாழி. மதில் தாண்டி இரண்டு பக்கமும் நடமாடியவர்கள் குறைவு. ஜெயகாந்தன் விகடனில் எழுதவில்லையா என்று கேட்பீர்கள். எழுதினார். அவர் பெயரையே நாம் எல்லோரும் உதாரணமாகச் சொல்கிறோம் என்பதிலிருந்தே தெரியவில்லையா, அவர் விதிவிலக்கு என்று? கன்னடத்தில் அந்த மதில் முழங்கால் உயரம்தான். அங்கேயும் சிறு பத்திரிகை உண்டு. கோபாலகிருஷ்ண அடிகரின் சாட்சி, தார்வாடிலிருந்து சந்திரசேகர பாட்டீலும் நண்பர்களும் 1964-ல் தொடங்கிய சங்க்ரமண, நம் காலத்தில் விவேக் ஷான்பாக் 2005 முதல் சில ஆண்டுகள் நடத்திய தேசகால. ஆனால் அதில் எழுதுகிறவரே நாளிதழின் தீபாவளி மலரிலும் எழுதுவார், வாரப் பத்திரிகையிலும் எழுதுவார். சலூனில் முடிவெட்டக் காத்திருப்பவர் அதைப் படிப்பார்.

இதற்குப் பெரிய சாட்சி லங்கேஷ் பத்ரிகெ. 1980 ஜூலையில் தொடங்கியது. பி. லங்கேஷ் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர். கவிதை, கதை, நாடகம் எழுதியவர். 'பல்லவி' படத்துக்குத் தேசிய விருது வாங்கியவர். இவ்வளவு இருந்தும் கறுப்பு வெள்ளையில், மட்டமான காகிதத்தில் ஒரு வாரப் பத்திரிகை தொடங்கினார். விளம்பரம் வாங்குவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட சட்டம். கடையில் வாங்குகிறவன் கொடுக்கும் காசில் மட்டும் பத்திரிகை நடக்க வேண்டும். நடந்தது! அந்த நாளில் மந்திரிகள் அந்தப் பத்திரிகைக்குப் பயந்தார்கள் என்பது உங்களுக்கு நினைவிருக்கும். வங்கியில் எங்கள் மேனேஜர் அதை ஃபைலுக்குள் வைத்துப் படிப்பார், கடைநிலை ஊழியர் வெளிப்படையாகவே படிப்பார்.

அரசியலை விடுங்கள். அது வாராவாரம் பழசாகிவிடும். அதே பத்திரிகையில் யார் யார் எழுதினார்கள் என்று பாருங்கள். முடிகெரெயில் காபித் தோட்டம் வைத்துக்கொண்டு பூச்சி, பறவை, காடு என்று எழுதிய பூர்ணசந்திர தேஜஸ்வி எழுதினார். காசர்கோட்டுக்காரரான சாரா அபூபக்கர் என்ற அம்மாள் தம் முதல் நாவலை அதில்தான் தொடராக எழுதினார். தலாக் சொல்லப்பட்ட ஒரு பெண்ணின் கதை. முஸ்லிம் வீட்டுக்குள்ளிருந்து ஒரு பெண் கன்னடத்தில் அப்படி எழுதுவது அதுவரை கேள்விப்படாத விஷயம். தி.சு. சதாசிவம் தமிழில் 'சந்திரகிரி ஆற்றங்கரையில்' என்று மொழிபெயர்த்திருக்கிறார். நம் வாசகசாலையிலேயே ஒரு பிரதி இருக்கிறது, இரண்டாவது அலமாரி, கீழ்த் தட்டு. ஹாசனிலிருந்து பானு முஷ்தாக் அதே பத்திரிகைக்கு நிருபராக இருந்தார். 2025-ல் அவர் கதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு 'ஹார்ட் லேம்ப்' சர்வதேச புக்கர் பரிசு வாங்கியபோது தமிழ்ச் சானல்களில்கூடச் செய்தி வந்தது. நமக்கு அது லண்டன் செய்தி. சலூன் பெஞ்சில் லங்கேஷ் பத்ரிகெ படித்தவர்களுக்கு அது நாற்பது வருஷத்துப் பழைய பெயர்.

லங்கேஷ் 2000 ஜனவரியில் காலமானார். மகள் கௌரி லங்கேஷ் 2005-ல் தம் பெயரிலேயே ஒரு பத்திரிகை தொடங்கினார். 2017 செப்டம்பர் 5 அன்று ராஜராஜேஸ்வரி நகரில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் அரசியல் உங்களுக்குப் பிடிக்கலாம், பிடிக்காமல் போகலாம். நம் ஊரில், பஸ் போகும் தூரத்தில், பத்திரிகை நடத்தியதற்காக ஒருவர் உயிர் போயிருக்கிறது. மறுநாள் காலை நடைப்பயிற்சியில் நம் தமிழ்க் கோஷ்டியில் பாதிப் பேருக்கு அவர் யார் என்றே தெரியவில்லை. எனக்கு அது மனசில் முள்ளாகத் தைத்தது.

லங்கேஷைப் பார்த்து முளைத்த கறுப்பு வெள்ளைப் பத்திரிகைகள் எல்லாம் லங்கேஷ் ஆகிவிடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கொலை, கள்ளக்காதல், மிரட்டல் என்று பல காலம் பஸ் நிலையக் கடைகளில் தொங்கின. வீட்டுக்குக் கொண்டுவர முடியாது. வாரப் பத்திரிகைகளிலும் ஜோசியமும் நடிகை அட்டையும் நம் ஊர்போலத்தான். கன்னடத்தில் எல்லாமே உசத்தி என்று நான் சொல்ல வரவில்லை.

புத்தூரில் மூன்று வருஷம் இருந்தேன். தென் கன்னட ஜில்லா, பாக்குத் தோட்டம் நிறைந்த ஊர். விவசாயக் கடன் பார்ப்பது என் வேலை. அங்கே 1988-ல் தொடங்கிய ஒரு மாதப் பத்திரிகைதான் என்னை உண்மையிலேயே அசத்தியது. பெயர் அடிகெ பத்ரிகெ. அடிகெ என்றால் பாக்கு. நம் பழைய 'அடைக்காய்' தான். அதை வளர்த்தவர் ஸ்ரீ பட்ரே. அவருடைய கொள்கை, விவசாயத்தைப் பற்றி விவசாயிதான் எழுத வேண்டும் என்பது. 'விவசாயி கையில் பேனா' என்று பயிற்சி முகாமே நடத்தினார்கள். என்ன பிரச்சினை வந்தது, என்ன செய்து பார்த்தேன், எவ்வளவு செலவு, பலித்ததா இல்லையா என்று தோட்டக்காரரே எழுதுவார். மழைநீரைச் சேர்ப்பது, பலாப்பழத்தைக் காசாக்குவது என்று அதில் வந்த விஷயங்கள் எத்தனையோ.

கடன் விண்ணப்பத்தோடு வருகிற விவசாயி அந்தப் பத்திரிகையை மடித்து எடுத்து வந்து, "நோடி சார், இவரு மாடித்தாரே" என்று காட்டுவார். பாருங்கள், இவர் செய்திருக்கிறார் என்று. எங்கள் தலைமை அலுவலகம் அனுப்பும் வழுவழுப்பான விவசாயக் கையேட்டை யாரும் அப்படி மடித்துப் பையில் வைத்து நான் பார்த்ததில்லை. தஞ்சாவூர்க்காரனாகிய எனக்கு ஒரு பொறாமை. காவிரிக் கரையில் அத்தனை மிராசுதார்கள், அத்தனை குத்தகைக்காரர்கள் இருந்தும் நெல்லுக்கு இப்படி ஒரு பத்திரிகை எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்ததில்லை.

"அவர்கள் பத்திரிகை, அவர்கள் வாங்கட்டும்" என்று ஒரு நண்பர் சொன்னார். அவர்கள், நாம் என்ற கணக்கு இந்த விஷயத்தில் சரிப்படாது. மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழ். கன்னடச் சிறுகதைக்கே அவரைத்தான் பிதாமகர் என்கிறார்கள். ஞானபீடம் வாங்கியவர். மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகத்தை விட்டு வந்து ஜீவன என்ற மாதப் பத்திரிகையைச் சுமார் இருபது ஆண்டுகள் நடத்தினார். காந்தி பஜார் பக்கம் குடை பிடித்துக்கொண்டு நடந்து போகும் அவரை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள்.

கொரவஞ்சி என்று ஒரு நகைச்சுவைப் பத்திரிகை. 1942 முதல் 1967 வரை இருபத்தைந்து வருஷம். நடத்தியவர் ராசி என்ற பெயரில் எழுதிய டாக்டர் எம். சிவராம். பகலில் நோயாளிகளைப் பார்ப்பார், மற்ற நேரத்தில் பத்திரிகை. பெயரைப் பாருங்கள்! நம் குற்றாலக் குறவஞ்சியில் வந்து குறி சொல்கிறாளே, அவளேதான். ஊருக்குக் குறி சொல்ல வந்தவள் என்று பத்திரிகைக்குப் பெயர். அதில் எழுதிய நா. கஸ்தூரி பிறப்பால் மலையாளி. அதில் படம் போட்ட இளைஞர் மைசூர்த் தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, ஆர்.கே. லக்ஷ்மண். பம்பாய்க்குப் போய் உலகப் புகழ் பெறுவதற்கு முன்னால் அவர் கைவண்ணம் கன்னட வீடுகளில் சிரிப்பு மூட்டியது.

நம் பக்கத்திலிருந்து போனதும் உண்டு. நாம் அம்புலிமாமா படித்த அதே மாதத்தில் கன்னடப் பிள்ளைகள் சந்தமாமா படித்தார்கள். 1949-ல் தொடங்கிய கன்னடப் பதிப்பு சென்னை வடபழனியிலிருந்துதான் வந்தது. சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன், தோளில் வேதாளம், கையில் உருவிய வாள் எல்லாம் ஒன்றுதான். எழுத்து மட்டும் வேறு. என் வயதுக் கன்னட நண்பர் யாரிடமாவது வேதாளம் என்று சொல்லிப் பாருங்கள், "மரத்தில் ஏறிக்கொண்டது" என்று வாக்கியத்தை அவர் முடிப்பார்.

1991 டிசம்பரை நாம் யாரும் மறக்கவில்லை. காவிரி இடைக்காலத் தீர்ப்பை ஒட்டி நடந்ததை நான் இங்கே விவரிக்கப் போவதில்லை. அந்த வாரம் எங்கள் தெருவில் தமிழ்ப் பத்திரிகை தொங்கிய கடை திறக்கவே இல்லை. எதிர் வீட்டுக் கன்னடக்காரர் இருட்டின பிறகு பின்பக்கமாக வந்து பால் பாக்கெட் கொடுத்தார். "ஹொரகடெ பரபேடி சார்" என்றார். வெளியே வராதீர்கள் என்று. போகும்போது அவர் வீட்டு வாரப் பத்திரிகைகள் நாலைந்தையும் என் மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனார். "பொழுது போக வேண்டாமா, நீங்கள்தான் படிப்பீர்களே" என்றார். அவள் படித்தாள், நான் படித்தேன். வெளியே கூச்சல். பத்திரிகைக்குள் மாமியார் மருமகள் தகராறும், புளிச்சாற்றுக்கு என்ன பொடி என்ற விவாதமும், பெண்ணுக்கு வரன் அமையாத தகப்பனின் கடிதமும். வெளியே கல் எறிகிறவர்களும் இதைப் படிக்கிற வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறார்கள் என்று தெரியும். படிப்பதால் கல் நின்றுவிடாது என்றும் தெரியும். ஆனால் அந்த நான்கு நாளில் 'கன்னடக்காரன்' என்ற ஒற்றை உருவம் என் மனசில் உட்கார முடியாமல் போனதற்கு அந்தப் பத்திரிகைகளும் ஒரு காரணம். அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் பதினெட்டு வருஷம் சாக்குத் துணிக்குள் நின்று, 2009 ஆகஸ்டில்தான் வெளிச்சத்தைப் பார்த்தார். அதே மாதம் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலை. இரண்டு முதலமைச்சர்கள், மேடை, மாலை. நல்லதுதான். சிலையைத் திறப்பதற்கு அரசாங்கம் வேண்டும். பத்திரிகையைத் திறப்பதற்கு யாரும் வேண்டாம்.

இதைத் தனி ஆளாகச் செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். எழுத்தாளர் பாவண்ணன் தொலைபேசித் துறை வேலைக்காகக் கர்நாடகம் வந்தவர். இங்கே கற்ற கன்னடத்தைக் கொண்டு பைரப்பாவின் 'பருவம்' வரை தமிழுக்குக் கொண்டுவந்து சாகித்திய அகாதெமி பரிசு பெற்றார். மைசூரில் இருக்கும் கே. நல்லதம்பி, நேமிசந்த்ராவின் 'யாத் வஷேம்' நாவலுக்காக அதே பரிசு பெற்றார். ஆங்கிலத்தைச் சுற்றிக்கொண்டு வராமல் பக்கத்து வீட்டிலிருந்து நேராக வந்த சரக்கு.

"எல்லாம் செல்போனிலேயே வருகிறதே" என்ற வாதத்துக்கு நான் அதிகம் மெனக்கெட மாட்டேன். செல்போனில் நம் வயதுக்காரர்கள் என்ன படிக்கிறோம் என்று நமக்குத் தெரியும். காலை வணக்கப் பூக்கொத்தும், வெந்தயம் சாப்பிட்டால் வராத நோய்களும். கல்கியே 2020-ல் அச்சை நிறுத்திவிட்டது, காலம் மாறுகிறது என்பதையும் மறுக்கவில்லை. கன்னட இதழ்களும் மெலிந்துதான் வருகின்றன. முன்பு காந்தி பஜாரில் எண்ணிப் பார்க்க முடியாத அளவு தொங்கும். இப்போது கடையையே தேட வேண்டியிருக்கிறது. கன்னட வீட்டுப் பேரப் பிள்ளைகளும் இங்கிலீஷ் மீடியம்தான். இதனால்தான் ஒரு சந்தா நிற்பதுகூட எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. பத்து லட்சம் விற்கும் பத்திரிகைக்கு நம் நான்கு பிரதி கணக்கில் வராது. சின்னப் பத்திரிகைக்கு வரும்.

இனி அந்த "யாரும் தொடுவதில்லை". நான் போன மாதம் முழுக்கக் கவனித்தேன். திங்கட்கிழமை காலை மேஜையில் புதிதாக விரித்து வைத்த தரங்கா, வியாழக்கிழமைக்குள் முனை மடங்கியிருக்கிறது. குறுக்கெழுத்து பென்சிலால் நிரப்பப்பட்டிருக்கிறது. பகலில் உட்காரும் பதினைந்து பேரில் யாரும் அதைத் தொடவில்லை என்பதற்கு நானே சாட்சி. அப்படியானால் யார்? இரவுக் காவலுக்கு இருப்பவர்கள் வடக்குக் கர்நாடகத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். துப்புரவுப் பணிக்கு வரும் பெண்களில் இரண்டு பேர் பத்தாவது வரை படித்தவர்கள். வாசகசாலை விதிப்படி அவர்கள் உறுப்பினர் இல்லை, நாற்காலியில் உட்காரக் கூடாது. அதனால் பெருக்கும்போதும் பூட்டும்போதும் எடுத்துப் போகிறார்கள், பத்திரமாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். இந்தக் குடியிருப்பில் கன்னடப் பத்திரிகைக்கு வாசகர்கள் இருக்கிறார்கள். நம் கணக்குப் புத்தகத்தில்தான் அவர்கள் "யாரும்" இல்லை.

இதைப் படித்துவிட்டு யாரும் அவர்களைக் கூப்பிட்டு விசாரிக்கக் கிளம்ப வேண்டாம். தீர்மானத்துக்கு நான் கொடுக்கப்போகும் திருத்தம் இதுதான்: நான்கு பத்திரிகையும் தொடர வேண்டும், மத்தியானம் இரண்டிலிருந்து நான்கு வரை வாசகசாலை இங்கே வேலை செய்கிறவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் நாம் எல்லோரும் தூங்கத்தான் போகிறோம். பணம்தான் தடை என்றால், வருஷ ஆண்டு விழாவில் ஆளுக்கு ஒரு சால்வை போர்த்துகிறோமே, அதில் பாதியைக் குறைத்தால் நான்கு சந்தாவும் தாராளமாக வரும். என் வீட்டு அலமாரியிலேயே ஒன்பது சால்வை இருக்கிறது, பெங்களூர்க் குளிருக்கு ஒன்று போதும்.

எழுத்துக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு யோசனை. தலையங்கத்திலிருந்து தொடங்காதீர்கள், அது எந்தப் பாஷையிலும் கஷ்டம். முதலில் ராசிபலன் பக்கம். பன்னிரண்டு ராசியின் பெயரும் உங்களுக்குத் தெரியும். தனலாபம், வாகன யோகம், உதர பாதை எல்லாம் அதே வார்த்தைகள். எழுத்து தானாகப் பிடிபடும். பலனை நம்ப வேண்டியதில்லை. அடுத்தது சமையல் குறிப்பு, அதற்கடுத்தது துணுக்கு. மூன்றாவது மாதம் ஒரு சின்னக் கதை. என்னிடம் 1980-களின் கஸ்தூரி முப்பது இதழுக்கு மேல் பைண்டு பண்ணி வைத்திருக்கிறேன், இரவல் தருவேன், பெயர் எழுதி வைத்துக்கொள்வேன். செவ்வாயும் வியாழனும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.